தொட்ட கைகள் – 4: அபர்டீன் பட்டியல்

சென்ற வாரம்: பிரசவித்தவளின் அறையில் சன்னலைச் சாத்தி, சாவித் துவாரத்தைக்கூட அடைத்து, போர்வைமேல் போர்வை போட்டு அவளை வேர்க்கவைத்த காலம் அது. மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் ஒயிட் 1773இல் ஒரு புத்தகம் எழுதினார். சன்னலைத் திறந்துவிடுங்கள், துணியை மாற்றுங்கள், தாயைச் சீக்கிரம் எழுந்து உட்கார விடுங்கள் என்றார். அவர் கைபட்ட தாய்மார் பிழைத்தார்கள். மற்ற ஊர்களில் பிரசவக் காய்ச்சல் ஓயவில்லை. அந்தக் காய்ச்சல் எந்த வழியாக அறைக்குள் நுழைகிறது என்ற கேள்வியோடு நின்றிருந்தோம்.

மூன்றாம் நாள் நடுக்கம்

1789ஆம் ஆண்டு, டிசம்பர் மாதம். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் துறைமுக நகரம் அபர்டீன். டிசம்பரில் அங்கே பகல் ஏழு மணி நேரம்கூட நீடிக்காது. ஏழை வீடுகளில் பிரசவம் பெரும்பாலும் மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான். மருத்துவச்சி வருவாள், பிள்ளையை எடுத்துக் கொடுப்பாள், கூலி வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். பெரிய மருத்துவமனைகளின் கூட்டமும் நாற்றமும் இல்லாத ஊர் என்பதால் லண்டனையும் பாரிஸையும் வாட்டிய பிரசவக் காய்ச்சலுக்கு இங்கே வேலையில்லை என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

அந்த டிசம்பரில் நம்பிக்கை உடைந்தது.

நோய் வந்த விதம் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பிரசவம் நல்லபடியாக முடிந்திருக்கும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தாய்க்குத் திடீரென்று குளிர் எடுக்கும். பல் கிட்டும்படி நடுங்குவாள். அடுத்துக் காய்ச்சல். அடிவயிற்றில் வலி தொடங்கிப் போர்வை பட்டால்கூடத் தாங்காத அளவுக்கு ஏறும். நாடி நிமிடத்துக்கு 140 வரை ஓடும். மார்பில் பால் வற்றும். பக்கத்தில் பசித்துக் கத்தும் குழந்தையைத் திரும்பிப் பார்க்கவும் அவளுக்குத் தெம்பு இருக்காது. பிறகு ஒருநாள் வலி சட்டென்று நின்றுவிடும். வீட்டார் கையெடுத்துக் கும்பிட்டுப் பிழைத்துவிட்டாள் என்பார்கள். உண்மையில் அது முடிவின் அடையாளம். சில மணி நேரத்தில் கை கால் சில்லிட்டுப்போகும்.

நம் வீடுகளிலும் "பிள்ளை பெத்த இடத்துல ஜன்னி கண்டு போயிட்டா" என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். அந்த ஒற்றை வரிக்குள் புதைந்துபோன நோய்களில் இதுவும் ஒன்று.

அபர்டீன் மக்கள் முதலில் பயப்படவில்லை. பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஓரிரு நாள் வந்து போகும் ஒரு காய்ச்சல் அங்கே வழக்கம். அதை 'வீட்' என்பார்கள். இதையும் அப்படித்தான் நினைத்தார்கள். இது வேறு என்று கண்டுகொண்டவர் அந்த ஊரில் ஒருவர்தான்.

கப்பலிலிருந்து வந்த மருத்துவர்

அலெக்சாண்டர் கோர்டன் 1752இல் அபர்டீனுக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு குத்தகை விவசாயியின் வீட்டில் பிறந்தவர். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். மருத்துவம் படித்து 1780இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார். ஐந்தாண்டு கப்பலில் கழிந்தது. 1785இல் பாதிச் சம்பளத்தில் கரைக்கு அனுப்பப்பட்டபோது நேரே ஊருக்குத் திரும்பாமல் லண்டனில் தங்கினார். அங்கே பேர்பெற்ற பிரசவ மருத்துவரான தாமஸ் டென்மனின் வகுப்புகளில் உட்கார்ந்தார். பிரசவ விடுதிகளில் தாய்மாரைப் பார்த்தார். மாலுமிகளுக்கு வைத்தியம் பார்த்தவர், பிரசவத்தை அடிமுதல் கற்றுக்கொண்டார். பிரசவக் காய்ச்சலை நேரில் கண்டதும் அங்கேதான்.

1786இல் அபர்டீன் மருந்தகத்தின் மருத்துவரானார். ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்யும் நிறுவனம் அது. நோயாளியின் வீடு தேடிப் போவதும் அதன் மருத்துவருக்கு வேலை. அதோடு ஊர் மருத்துவச்சிகளுக்குப் பிரசவக்கலை வகுப்பும் எடுத்தார். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைக்க வேண்டும்: கோர்டனுக்கும் அந்தப் பெண்களுக்கும் பகை கிடையாது. கூப்பிட்டால் ஓடிவரும் மருத்துவராக, சொல்லிக் கொடுக்கும் ஆசிரியராக அவர்களுடன் பழகியவர்தான் அவர்.

கப்பல் மருத்துவர்களுக்கு ஒரு கட்டாயம் உண்டு. யாருக்கு என்ன நோய், எந்தத் தேதியில் வந்தது, பிழைத்தாரா, இறந்தாரா என்று நாள்தோறும் குறிப்பு எழுத வேண்டும். நோயாளி கண்ணை விட்டு மறைந்ததும் மறந்துவிடும் மருத்துவர்கள் நிறைந்த காலத்தில், கோர்டனை மறக்கவிடாமல் செய்தது இந்தப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன். ஜுரம் அபர்டீனில் தலைகாட்டியதும் அவர் எழுதத் தொடங்கினார்.

நிரல் நிரலாக

அந்த அட்டவணை இன்றும் இருக்கிறது. நோய் கண்ட தேதி, தாயின் பெயர், வயது, குடியிருந்த இடம், பிழைத்தாள் அல்லது இறந்தாள், இவற்றோடு இன்னொரு நிரலும் உண்டு. அதற்கு முன் பிரசவக் காய்ச்சலைப் பற்றி எழுதியவர்கள் இப்படிக் கேட்டு வரிசையாக எழுதிப் பார்த்ததில்லை. அந்த நிரலின் தலைப்பு: பிரசவம் பார்த்தவர் யார்?

1792 வரை நீண்ட அந்தக் கொள்ளைநோயில் அவர் பதிவு செய்த தாய்மார் 77 பேர். இறந்தவர்கள் 28 பேர். நோய் கண்ட மூவரில் ஒருத்திக்கு மேல்.

அந்தக் காலத்து மருத்துவ உலகம் இந்த நோய்க்குச் சொன்ன காரணங்களைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். தாய்ப்பால் வழி தவறி வயிற்றுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். பிரசவக் கழிவு அடைபட்டு உடம்பில் தங்கிவிட்டது என்றார்கள். எல்லாவற்றையும்விட வலுவாக வேரூன்றியிருந்தது காற்றுக் கொள்கை. ஊரின் காற்று கெட்டிருக்கிறது, அதைச் சுவாசிப்பவர்களுக்கு நோய் வருகிறது என்பது அதன் சாரம். யார்மீதும் பழி விழாத விளக்கம் அது.

கோர்டன் தம் அட்டவணையை அந்தக் கொள்கைக்கு நேரே வைத்துப் பார்த்தார். காற்று கெட்டது உண்மையானால் ஒரே தெருவில், ஒரே வாரத்தில் பிரசவித்த இரண்டு பெண்களையும் அது தாக்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஒருத்தி மடிகிறாள், இன்னொருத்தி எழுந்து அடுப்படிக்குப் போகிறாள். இருவருக்கும் காற்று ஒன்று, தண்ணீர் ஒன்று, வறுமையும் ஒன்று. பிரசவம் பார்த்தவர் மட்டும் வேறு.

கடைசி நிரலை மேலிருந்து கீழே படித்தார். சில பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஊரில் நிறையப் பிரசவம் பார்த்த சில பெயர்கள் வரவே இல்லை. அதிலும் வியப்பு, கை நிறையப் பிரசவ வேலை இருந்த ஒரு மருத்துவச்சியிடம் போன தாய்மார் இந்த நோய்க்கு அகப்படவில்லை. தற்செயலாக அவள் நோய் கண்ட வீட்டுக்குள் கால் வைக்காமல் இருந்துவிட்டாள், அதனால் அவளிடம் போனவர்களும் தப்பினார்கள் என்று கோர்டன் முடிவு கட்டினார்.

சூத்திரம் கிடைத்துவிட்டது. காய்ச்சல் கண்ட ஒரு தாயைப் பார்த்துவிட்டு வந்த மருத்துவரோ, மருத்துவச்சியோ, தாதியோ அடுத்து எந்தத் தாயைத் தொடுகிறாரோ, அவளுக்குத்தான் நோய்.

இது சரியா என்று எப்படிச் சோதிப்பது? ஒரு கொள்கையை நிரூபிக்க இருப்பதிலேயே கடினமான வழியைக் கோர்டன் எடுத்தார். நடக்கப்போவதை முன்கூட்டிச் சொன்னார். இன்ன பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கப்போவது இன்ன மருத்துவச்சி என்று காதில் விழுந்தால் போதும், அந்தத் தாய்க்குக் காய்ச்சல் வருமா வராதா என்று சொல்லிவிடுவார். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பலித்தது.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். நிறைமாதப் பெண் ஒருத்தி தெருவில் நடந்து போகிறாள். அவள் யாரிடம் பிரசவம் பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்பது அந்த மருத்துவருக்குத் தெரியும். அடுத்த வாரம் அவள் இருப்பாளா என்பதும் தெரியும்.

அந்த நிரலில் இன்னொரு பெயரும் இருந்தது.

சொந்தக் கை

மருத்துவச்சிகளால் சமாளிக்க முடியாத கடினப் பிரசவங்களுக்குக் கோர்டனைக் கூப்பிடுவார்கள். காய்ச்சல் கண்ட தாய்மாரைப் பார்க்கவும் அவர்தான் போக வேண்டும். அபர்டீனில் அவரைவிட அதிகமாக இந்த நோயாளிகளைத் தொட்டவர் யார் இருக்க முடியும்? ஒரு வீட்டில் இறந்துகொண்டிருப்பவளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதே சட்டையோடு அடுத்த தெருவில் பிள்ளை பெறத் தவிப்பவளின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இறந்த சிலரின் உடலை அறுத்துப் பார்த்தும் இருக்கிறார். வயிற்றின் உள்சவ்வு சிவந்து வீங்கிச் சீழ் கோத்திருந்ததைக் கண்டு எழுதியவர் அவர். ரப்பர் கையுறை அறுவை அரங்குக்கு வர இன்னும் நூறாண்டு ஆகும். வேலைக்கு முன்னால் கை கழுவுவது அன்றைய மருத்துவரின் வழக்கத்தில் கிடையாது.

பெருந்தொகையான தாய்மாருக்கு இந்த நோயைக் கொண்டுபோனவன் நானே என்று சொல்வது மனத்துக்குக் கசப்பான காரியம் என ஒப்புக்கொண்டு, அதைத் தம் புத்தகத்தில் அச்சேற்றினார் கோர்டன். மருத்துவ வரலாற்றில் இதற்கு ஈடான வாக்குமூலங்கள் மிகச் சில. பழியை மருத்துவச்சிகள்மேல் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. அவர்கள் ஏழைப் பெண்கள். அவரோ பட்டம் பெற்ற மருத்துவர். யாரும் அவரைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அட்டவணை பொய் சொல்லாதபோது தானும் சொல்லக்கூடாது என்று நினைத்தவர் அவர்.

இன்னொரு கண்ணியையும் பிடித்தார். அதே காலத்தில் அபர்டீனில் எரிசிபெலாஸ் என்ற தோல்நோயும் பரவியது. தோல் நெருப்புப் பட்டதுபோல் சிவந்து வீங்கிப் படரும் நோய் அது. இரண்டும் ஒரே சமயத்தில் ஊருக்குள் வந்தன, ஒரே சமயத்தில் ஏறின, ஒரே சமயத்தில் தணிந்தன. இரண்டுக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று எழுதினார். இரண்டுக்கும் காரணம் ஒரே கிருமிதான் என்பதை இன்று நுண்ணோக்கியில் காட்டலாம். கிருமி என்ற ஒன்றையே அறியாத காலத்தில், தேதிகளை மட்டும் வைத்துக்கொண்டு கோர்டன் அதன் வாசலை எட்டியிருந்தார்.

அப்படியானால் என்ன செய்வது? அவர் சொன்ன வழி எளிமையானது. நோய் கண்டவளின் உடையையும் படுக்கைத் துணியையும் எரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நன்றாகச் சுத்தப்படுத்துங்கள். அவளைப் பார்த்த மருத்துவரும் தாதியும் உடம்பைக் கழுவிக்கொண்டு, உடைக்குப் புகை போட்ட பிறகே அடுத்த தாயிடம் போகட்டும்.

பணச்செலவு அதிகம் இல்லை. புதுக் கருவி வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரும், செய்தே தீர வேண்டும் என்ற உறுதியும் போதும்.

அச்சேறிய பெயர்கள்

1795இல் லண்டனில் கோர்டனின் புத்தகம் வெளியானது. அபர்டீனின் பிரசவக் காய்ச்சல் பற்றிய ஆய்வுரை. அட்டவணை முழுதாக அச்சாகியிருந்தது; தாய்மாரின் பெயர்களோடு, பிரசவம் பார்த்தவர்களின் பெயர்களும்.

ஊர் கொந்தளித்தது.

மருத்துவச்சிகளின் பக்கம் நின்றும் இதைப் பார்க்க வேண்டும். அவர்களில் யாரும் ஒரு தாயைக் கொல்ல நினைத்தவர்கள் இல்லை. எத்தனையோ இரவுகள் கண்விழித்துப் பிள்ளைகளை உலகுக்குக் கொண்டுவந்தவர்கள். அந்த வேலைதான் அவர்களுக்குச் சோறு. இன்னாருடைய கையில் நோய் இருக்கிறது என்று அச்சில் வந்தால் நாளை அவளை யார் கூப்பிடுவார்கள்? மனைவியைப் பறிகொடுத்தவனுக்கு அதைவிடப் பெரிய வேதனை. விதி என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வாழ்ந்தவனிடம், இது தவிர்த்திருக்கக்கூடிய மரணம் என்று ஒரு புத்தகம் வந்து சொல்கிறது.

ஊராரிடம் இன்னொரு குற்றச்சாட்டும் இருந்தது, அது இரத்தம் பற்றியது. காய்ச்சல் கண்டவுடனே, முதல் சில மணி நேரத்துக்குள், கோர்டன் தாயின் இரத்த நாளத்தைக் கீறி 20 முதல் 24 அவுன்ஸ் வரை இரத்தம் வடித்தார். முக்கால் லிட்டரை நெருங்கும் அளவு. கூடவே பேதி மருந்து. பிரசவத்தில் ஏற்கெனவே இரத்தம் இழந்து வெளிறிக் கிடப்பவளின் கையிலிருந்து கிண்ணம் நிறைய இரத்தம் எடுப்பதைக் கண்ட உறவினர்கள் பதறினார்கள். அந்தப் பதற்றத்தில் நியாயம் உண்டு. இரத்தம் வடிப்பது நோயைத் தீர்க்காது, உடலை இன்னும் பலவீனமாக்கும் என்பது இன்று தெளிவு. கோர்டன் அதை உயிர்காக்கும் சிகிச்சை என்று உறுதியாக நம்பினார். ஆரம்பத்திலேயே தாராளமாக வடித்ததால்தான் பலர் பிழைத்தார்கள் என்று எழுதினார்.

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் ஆறவில்லை. அடுத்த தலைமுறை மருத்துவர்கள் கோர்டனின் புத்தகத்தைப் படிக்காமல் விடவில்லை. 1810களில் சண்டர்லாந்து நகரத்து ஜான் ஆர்ம்ஸ்ட்ராங்கும் லீட்ஸ் நகரத்து வில்லியம் ஹேயும் அவர் காட்டிய வழியில் இரத்தம் வடித்தார்கள், அதைப் பரிந்துரைத்து நூல்களும் எழுதினார்கள். இரத்தம் வடிக்கும் கத்தி ஊர் ஊராகப் பரவியது. தண்ணீர் வாளி அபர்டீனிலேயே நின்றுவிட்டது. அவர் சொன்னதில் தவறானதை மருத்துவ உலகம் இரு கையாலும் வாங்கிக்கொண்டது, சரியானதைக் கண்டுகொள்ளவில்லை. கத்தி மருத்துவருக்குப் பெருமை தந்தது. தண்ணீர் அவரிடம் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்னது. இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

புத்தகம் வந்த அதே 1795இல் கடற்படையிடமிருந்து உத்தரவு வந்தது. பிரான்சோடு போர் நடந்துகொண்டிருந்தது. பாதிச் சம்பளத்தில் இருந்தவர்கள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். கோர்டன் குடும்பத்தை விட்டுப் புறப்பட்டார். யாருடைய துன்பத்தைத் தீர்க்க இத்தனை பாடுபட்டாரோ, அந்தப் பெண்களே தம்மைத் தூற்றியதைப் பெரும் மனவருத்தத்தோடு புத்தகத்தில் குறித்திருந்தார். கப்பலில் அவருக்குக் காசநோய் பற்றியது. பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு அண்ணன் தம்பி உறவே அடைக்கலமாக, இரட்டைச் சகோதரரின் பண்ணை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். 1799 அக்டோபரில் இறந்தபோது வயது 47.

பட்டியலில் இல்லாதவர்கள்

அட்டவணையில் ஒரு நிரல் கிடையாது. அந்த 28 தாய்மாரின் குழந்தைகள் என்ன ஆனார்கள் என்பதை அது சொல்லவில்லை. புட்டிப்பாலும் இல்லாத, பால்தாய்க்குக் கூலி கொடுக்க வசதியும் இல்லாத வீட்டில் தாயை இழந்த பச்சிளங் குழந்தையின் நிலை என்ன என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.  தாயின் உயிரும் பிள்ளையின் உயிரும் ஒரே நூலில் கட்டப்பட்டவை என்பதை எண்ணிக்கையில் பார்க்க உலகம் இன்னும் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. அந்தக் கதையும் இந்தத் தொடரில் வரும்.

கோர்டன் கேட்ட கேள்வி மட்டும் சாகவில்லை. தமிழ்நாட்டில் இன்று பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அந்த மரணம் தணிக்கைக்கு வருகிறது. எங்கிருந்து புறப்பட்டாள், எப்போது வந்து சேர்ந்தாள், யார் பார்த்தார்கள், எந்த இடத்தில் தாமதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய தொற்று இன்றும் உலகில் தாய்மாரைக் கொல்லும் முக்கியக் காரணங்களில் ஒன்று. பிறந்த குழந்தைகளைக் கொல்வதிலும் தொற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்பதை எந்த ஊரும் எந்த நாளும் நிறுத்தக்கூடாது. கேட்கும்போது, கோர்டனைப் போலத் தன் பெயரையும் எழுதிக்கொள்ளும் துணிவு கேட்பவருக்கு வேண்டும். கேட்கப்படுபவரைத் தூக்கிலிடாத நிதானம் ஊருக்கு வேண்டும். இந்த இரண்டில் எது குறைந்தாலும் உண்மை மறைந்துகொள்ளும். அடுத்த தாய் அதற்கு உயிரைக் கொடுப்பாள். அபர்டீன் எனக்குச் சொல்வது இதுதான்.

கோர்டன் இறந்த பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடின. ஐரோப்பாவின் பிரசவ விடுதிகளில் தாய்மார் செத்துக்கொண்டே இருந்தார்கள். அபர்டீன் புத்தகம் நூலக அலமாரிகளில் கிடந்தது.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். அங்கே மருத்துவர்கள் கூடிப் பேசும் சங்கம் ஒன்று இருந்தது. ஒருநாள் கூட்டத்தில் ஒரு செய்தி வந்தது. பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்ணின் உடலை ஒரு மருத்துவர் அறுத்துப் பரிசோதித்திருக்கிறார். அதில் அவருக்கே நோய் தொற்றி ஒரு வாரத்துக்குள் இறந்துவிட்டார். நடுங்க வைத்த செய்தி அதற்குப் பின்னால் வந்தது. உடலை அறுத்த நாளுக்கும் அவர் இறந்த நாளுக்கும் இடையில் அவர் சில தாய்மாருக்குப் பிரசவம் பார்த்திருந்தார். அத்தனை பேருக்கும் பிரசவக் காய்ச்சல்.

இந்த நோய் கையோடு போகுமா, போகாதா? கூட்டத்தில் விடை சொல்ல ஆளில்லை. உறுப்பினர்களில் ஒருவர், கவிஞராக நாடே அறிந்த இளம் மருத்துவர், நானே தேடிப் பார்க்கிறேன் என்று புறப்பட்டார். பழைய நூல்களைப் புரட்டிக்கொண்டே போனவரின் கையில் அபர்டீன் பட்டியல் சிக்கியது.

1843 பிப்ரவரியில் தாம் கண்டதை அவர் அந்தச் சங்கத்தில் எழுந்து படித்தபோது வயது 33. அமெரிக்காவில் பிரசவ மருத்துவத்தின் உச்சாணியில் இருந்த இரண்டு ஃபிலடெல்பியா பேராசிரியர்கள் அவர்மேல் பாயப்போகிறார்கள். ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற அந்த இளைஞர் பின்வாங்கினாரா?

(தொடரும்)